தராசில் தொங்கிய மோட்டார் சைக்கிள்

அனுப்புநர்:
யேசுரத்தினம் சஜீவன்,
நான்காம் லயம், மேற்பிரிவு,
நரிப்பாறைத் தோட்டம்,
பசறை.

பெறுநர்:
மாவட்டச் செயலாளர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
பதுளை.

விடயம்: பொலிஸாரால் கொண்டு செல்லப்பட்ட எனது மோட்டார் சைக்கிளையும், அதற்குக் காரணமான கொழுந்துத் தராசையும் ஒன்றாக வைத்து விசாரிக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பதுளை நகரில் ஒரு கராஜில் வெல்டிங் வேலை செய்பவன். என் தாயார் இருதயம்மா மேற்படி தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுப்பவர். இம்மனு சற்று நீளமானது. சுருக்கமாகச் சொன்ன இடங்களில் எல்லாம் “சரி, போயிட்டு வாங்க” என்று அனுப்பிவிட்டார்கள் என்பதால் முழுவதையும் எழுதுகிறேன்.

2. பசறையில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் ஷாமில் நானாவிடம், கோழி அடைந்து கிடந்த ஹொண்டா சி.டி. 125 ஒன்றை வாங்கினேன். பதிவுப் புத்தகம் என் பெயருக்கு முறைப்படி மாற்றப்பட்டுள்ளது. அதை ‘கஃபே ரேசர்’ என்று சொல்லப்படும் வகையில் மாற்றிக் கட்டினேன். கைபிடியைத் தாழ்த்தி, ஒற்றை ஆசனம் வைத்து, தேவையில்லாத இரும்பையெல்லாம் கழற்றி, வண்டியின் எடையைக் குறைப்பதே அந்த வேலை. கராஜ் முடிந்து வந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் எங்கள் லயத்து வீட்டுக் கோடியில் வைத்துச் செய்தேன். பின்சட்டத்தை அறுத்துக் குறைத்தேன். பழைய கரியர், சங்கிலி மூடி, இரும்பு மட்கார்ட்டுகள் எல்லாம் போயின. ஒரு சிறு இரும்புத் தகட்டைக்கூட, இது இல்லாமல் வண்டி ஓடாதா என்று கேட்டுவிட்டுத்தான் விட்டுவைத்தேன்.

3. எடை குறைக்கும் வேலைக்குத் தராசு வேண்டும். நான் அறிந்த தராசு ஒன்றே ஒன்று. அது எங்கள் மடுவத்தில் கொழுந்து நிறுக்கத் தொங்கும் தராசு. லயத்தில் பிறந்த எங்களுக்கு அது காட்டுவதுதான் நிறை. அதற்கு மேல் ஒரு கேள்வி எழுந்ததே இல்லை. மடுவத்தில் ஆள் இல்லாத ஞாயிறுகளில் வண்டியின் பாகங்களைத் தனித்தனியாக அதில் தொங்கவிட்டு நிறுத்தேன். அனுமதித்த காவலாளியின் பெயரை எழுதமாட்டேன். அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

4. வேலை முடிந்து, எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது வண்டி நூறு கிலோவுக்குக் கீழே வந்திருந்தது. தலைகால் புரியவில்லை. தோட்டம் முழுவதும் சொல்லித் திரிந்தேன். எல்ல நகரில் உல்லாசப் பயணிகளுக்கு வாகனங்கள் வாடகைக்கு விடும் ரமேஸ் என்பவர் படங்களைப் பார்த்துவிட்டு, சொன்ன எடை உண்மையானால் தமது பட்டறையை என் பொறுப்பில் தருவதாகக் கூறினார்.

5. கழற்றிய பழைய இரும்புகளை ஒரு சாக்கில் கட்டி ஷாமில் நானாவிடமே விற்கப் போனேன். மடுவத்தில் இருபத்திரண்டு கிலோ காட்டிய சாக்கு அவர் கடையில் இருபத்தைந்து காட்டியது. அவர் எனக்காகக் கூட்டிப் போடுகிறார் என்று நினைத்து, பாவம் வேண்டாம் நானா என்றேன். அவர் சிரித்துவிட்டு, “நான் கூட்டி நிறுத்து சாமான் எடுக்கிற ஆளா தம்பி? இந்த ஊர்ல யாரும் அப்படிச் சொன்னதில்லையே” என்றார். ஐயா, பழைய இரும்புக் கடைத் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பது ஊரறிந்த விடயம். அந்தத் தராசே எங்கள் மடுவத் தராசைவிட அதிகம் காட்டினால், நாங்கள் யாரிடம் போய் அழுவது?

6. பிறகு வண்டியையே அவருடைய தரைத் தராசில் ஏற்றினேன். நூற்றுப்பதின்மூன்று. நான் பீற்றித் திரிந்த நூறு வெறும் காற்று. வெட்கத்துடன் ரமேஸுக்கு உண்மையைச் சொன்னேன். அவர், பரவாயில்லை, வேலை சுத்தமாக இருக்கிறது, வண்டியைக் கொண்டுவந்து காட்டினால் பட்டறை உங்களுக்குத்தான் என்றார். ஆனால் அன்று என் மனம் பட்டறையில் இல்லை. என் தாயிடம் திருடிய அதே தராசு எனக்குப் புகழ் கொடுத்திருக்கிறது என்பதுதான் நெஞ்சில் நின்றது.

7. தாங்கள் அறியாததல்ல. குறித்த கிலோ கொழுந்து எடுக்காதவருக்கு அன்று ‘அரைப்பேர்’, அதாவது அரை நாள் சம்பளம். சாக்குக்கென்றும் தண்ணீருக்கென்றும் கண்முன்னே கழிப்பது வேறு. அது எங்களுக்குப் பழகிவிட்டது. இது கண்ணுக்குத் தெரியாத கழிவு. என் தாயாருக்குக் கொஞ்ச காலமாக அடிக்கடி அரைப்பேர்தான் விழுந்தது. நிறையைப் பதியும் கணக்கப்பிள்ளை எல்லாருக்கும் முன்னால் “இருதயம்மாவுக்கு இப்பக் கையில வேகம் இல்ல, வீட்டுல இருந்து பேரப்பிள்ளைக்குக் காத்திருக்கலாம்” என்பார். அம்மாவும் அதை நம்பினார். இரவில் விரல்களுக்குத் தைலம் தேய்த்தார். மாதா கோவிலில் கைக்காக நேர்த்தி வைத்தார். பகல் சோற்றைப் பாதியில் மூடிவைத்துவிட்டு மலைக்கு ஏறினார். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. மனுவில் கோபம் கூடாது என்பது தெரியும், பொறுத்தருள்க.

8. கொழுந்து நிறுக்கும் ஒரு மாலையில் அதே இரும்புச் சாக்கை ஷாமில் நானாவிடம் இரவல் வாங்கி வந்து, பெண்கள் முன்னிலையில் மடுவத் தராசில் மாட்டினேன். இருபத்திரண்டு. கடைக்காரரின் இருபத்தைந்தை உரக்கச் சொன்னேன். கணக்கப்பிள்ளை “பைக் ஓட்டுறவனுக்குக் கொழுந்து மடுவத்துல என்னா வேல?” என்று கேட்டார்.

9. அந்த வாரமே எமது பகுதிப் பொலிஸார் லயத்துக்கு வந்தனர். சட்டவிரோதமாக மாற்றிய வாகனம், அதிக சத்தம் என்று தோட்டத்திலிருந்து முறைப்பாடு வந்ததாகக் கூறி வண்டியை ஏற்றிச் சென்றனர். சைலன்சர் சத்தம் அதிகம் என்பது உண்மை. பின்சட்டத்தை அறுத்ததற்கு அனுமதி பெறவில்லை என்பதும் உண்மை. அவற்றுக்குரிய தண்டனையை ஏற்கிறேன். ஆனால் அதுவரை பல மாதங்கள் அந்தச் சத்தத்துடன்தான் அவர்களைக் கடந்து ஓடினேன். அவர்களில் ஒருவர் அதன் மீது அமர்ந்து படமும் எடுத்துக்கொண்டார். சாக்கைத் தராசில் மாட்டும்வரை அந்தச் சத்தம் யாருடைய காதிலும் விழவில்லை.

10. மறுநாள் தோட்ட வெளிக்கள உத்தியோகத்தர் கிருஷ்ணராஜ் என்பவர் எங்கள் வாசலுக்கு வந்து, “தராசுக் கதைய விட்டுரு தம்பி. பைக் நாளைக்கே வீட்டுக்கு வந்துரும்” என்றார். அம்மாவும் அன்று, “வாங்கிட்டு வாய மூடிக்க ராசா, தொரைமாரோட நமக்கு எதுக்கு” என்றுதான் சொன்னார். ரமேஸின் பட்டறை காத்திருந்தது. ஒரு தலையசைப்பு போதும். நான் தலையசைக்கவில்லை, இல்லை என்று சொல்லவும் இல்லை. ஒரு நாள் தவணை கேட்டேன்.

11. அந்த ஒரு நாளில் பழைய தராசு மடுவத்திலிருந்து காணாமற்போனது. பழுது பார்க்கக் கொண்டு போனதாகச் சொன்னார்கள். புதிய தராசு தொங்கியது. அன்று மாலை என் தாயார் எடுத்த கொழுந்து, கழிவெல்லாம் போக, முழுப்பேருக்கு மேல் நின்றது. அவர் சந்தோஷப்படவில்லை. வீட்டுக்கு வந்து விளக்கடியில் இரு கைகளையும் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே அழுதார். பிறகு சொன்னார்: “பைக் போனாப் போகட்டும்பா. என் கையையே என்னைய நம்பவிடாமச் செஞ்சவங்கள விடாத.” அன்றே கிருஷ்ணராஜ் அவர்களிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். ரமேஸின் பட்டறை இப்போது வேறொருவர் பொறுப்பில் இருக்கிறது.

12. வண்டி இன்று பொலிஸ் வளவில், உருக்குலைந்த முச்சக்கர வண்டிகளுக்கு நடுவில் மழையில் நிற்கிறது. நான் தேய்த்துத் தேய்த்துப் பளபளக்க வைத்த பெற்றோல் தாங்கியில் துரு ஏறிவிட்டது. பார்க்கப் போவதை நிறுத்திவிட்டேன்.

ஆகவே ஐயா, வண்டியை உடனே விடுவிக்கும்படி நான் கேட்கவில்லை. அப்படிக் கேட்பேன் என்றுதான் தோட்டத்தார் காத்திருக்கிறார்கள். பழுது பார்க்கப் போன அந்தத் தராசு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, அளவை நிறுவை அதிகாரி ஒருவரை அனுப்பிச் சோதிக்க உத்தரவிடுங்கள். சோதிக்கச் சாட்சிப் பொருள் வேண்டுமானால் என் மோட்டார் சைக்கிளையே கழற்றித் தொங்கவிடலாம். நானே வந்து கழற்றித் தருகிறேன். துருப்பிடித்திருந்தாலும் அதன் நிறை பொய் சொல்லாது. பிறகு சட்டப்படி அதை நொறுக்குவதானாலும் ஆட்சேபனை இல்லை.

ஒன்று மட்டும் தயவாகச் செய்ய வேண்டும். சோதனை முடிவு எழுத்தில் வந்து கோப்பில் தூங்கினால் எங்களுக்குப் போதாது. வருகின்ற அதிகாரி, கொழுந்து நிறுக்கும் நேரத்தில், அதே கணக்கப்பிள்ளையும் அதே பெண்களும் நிற்கும்போது, இருதயம்மாவின் கையில் எந்தக் குறையும் இருக்கவில்லை என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். அவர் இன்னும் இரவில் தைலம் தேய்க்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் விசாரணையை எதிர்பார்த்திருக்கும்,

யே. சஜீவன்

மேலே எழுதியதை மகன் வாசித்துக் காட்டக் கேட்டேன். எல்லாம் உண்மை.
யே. இருதயம்மா (வலது கைப் பெருவிரல் அடையாளம்)

இடம்: நரிப்பாறைத் தோட்டம், பசறை
திகதி: 2025.07.14