கை வைத்துப் பார்த்த ஏசி

செவ்வாய், இரவு.

எரிச்சலெல்லாம் என் மேல்தான். நேற்று பள்ளிக்கூடத்து செல்வம் மாஸ்டர் காரை ஹட்டன் மலையிலிருக்கும் என் கராஜுக்குக் கொண்டுவந்தார். ஏசி குளிரவில்லை, இன்று நோயாளி அப்பாவைக் கொழும்பு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றார். காஸ் அடித்தேன். காற்று வரும் இடத்தில் கை வைத்தேன், சில்லென்று இருந்தது. “சரியாயிருச்சுங்க மாஸ்டர், கொண்டு போங்க” என்றேன்.

காலையில் மலையிறங்கி, வெயில் கொளுத்தும் அவிசாவளையிலிருந்து போன் செய்தார். “தம்பி, அனல் காத்துதான் வருது. அப்பாவுக்கு மூச்சு வாங்குது.”

மாலையில் வந்தவர் திட்டவில்லை. சாவியை மேசையில் வைத்தார். “அப்பாவ ஆஸ்பத்திரி வாட்டுல சேத்து நிப்பாட்டிட்டாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

எஞ்சினையும் ஏசியையும் போட்டுவிட்டு பொனட்டைத் திறந்தேன். ஏசி கம்பிரசர் சுற்றவே இல்லை. நேற்றே இதைப் பார்த்திருக்க வேண்டாமா? ஏசியை அணைத்து, வெறும் ஃபேனை மட்டும் போட்டுக் கை வைத்தேன்.

அதே சில்லிப்பு. நேற்று நான் சரியென்று சொன்னது ஹட்டன் குளிரை.