சத்தமில்லாத லேப்டாப்

அன்புத் தங்கச்சிக்கு,

ஒருவழியாகப் புது லேப்டாப் வாங்கிவிட்டேன். "அண்ணா, உன் பொட்டி பெருமூச்சு விடுது, நான் எப்படிப் பாடுறது?" என்று பழையதைத் திட்டிக்கொண்டே இருப்பாயே. நீ போன பிறகு அது இன்னும் மோசமாகிவிட்டது. நான் தனியாக வாசித்துப் பதிந்தாலும், பல்லவி தொடங்கும் இடத்தில் மட்டும் ஒரு காற்றொலி கேட்கும். லேப்டாப் ஃபேனின் சத்தம் மைக்கில் புகுந்துவிடுகிறது என்றுதான் நினைத்தேன்.

அதனால் கடையில் வேறெதுவும் கேட்கவில்லை. கச்சேரி நடுவில் உறைந்து நிற்கக் கூடாது, ஃபேனே இருக்கக் கூடாது என்றேன். விற்பனைப் பெண் ஒன்றை எடுத்து வைத்தாள். மைக் இல்லாமல், கையோடு கொண்டுபோயிருந்த என் இசைக் கீபோர்டின் வயரை நேராக அதில் செருகி, நம் பாட்டின் முன்னிசையைப் பதிந்தேன். ஹெட்போனில் கேட்டவள் சிரித்தாள்.

"பாடுறவங்க ஏன் சார் மூச்சு இழுத்துட்டு அப்படியே நிறுத்திட்டாங்க?"

அதையே வாங்கிவந்துவிட்டேன்.

அந்தப் பதிவை அம்மாவுக்குப் போட்டுக்காட்டவில்லை. உன் காரியமெல்லாம் முடிந்து, அழுகை ஓய்ந்து இப்போதுதான் உன் அறைக்குள் போய்ப் பெருக்குகிறாள்.

நாளைய கச்சேரியில் நான் மட்டும்தான் என்று சொல்லியிருந்தேன். இன்று மேடைக்காரருக்குப் போன் போட்டு, ஒரு மைக் வைக்கச் சொன்னேன். "யாருப்பா பாடப்போறது?" என்றார். ஸ்டாண்டு எவ்வளவு உயரம் வேண்டும் என்பதை மட்டும் சொன்னேன். உன் உயரம் எனக்குத் தெரியாதா?

நீ மூச்சு இழுத்ததும் வழக்கம்போல முன்னிசையை நிறுத்திவிடுவேன். அதற்குப் பிறகு வாசிக்க நான் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

கீபோர்டுக்குப் பின்னால் இருக்கும்,
அண்ணன்