சுண்டக் காய்ச்சிய தேயிலை

அன்பு மகளுக்கு,

நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நல்லபடியாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் எழுத உட்கார்ந்தேன். இங்கே நாங்களும் நலம் என்று அடுத்த வரி வர வேண்டும், நாலு தாளைக் கிழித்துப் போட்டாயிற்று, அந்த வரி மட்டும் வரவில்லை. போனில் சொல்லிவிடலாம் என்றால் உன் குரலைக் கேட்டதும் பேச்சை மாற்றிவிடுகிறேன். மூன்று வாரமாக மழையைப் பற்றியும் மாடிக் குழாய் ஒழுகுவதைப் பற்றியும் பேசியே உன்னை ஏமாற்றிவிட்டேன்.

அம்மாவுக்கு இனிப் புற்றுநோய் ஊசி கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஈரல் தாங்காதாம், அதற்குள் நோய் எலும்புவரை போய்விட்டதாம், வலி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஈரல் ஏன் கெட்டது, ஏன் கெட்டது என்று நீ ஒவ்வொரு போனிலும் கேட்டாய், எனக்கென்ன தெரியும் என்று எரிந்து விழுந்தேன். எனக்குத் தெரியும். நான்தான் கெடுத்தேன்.

ஐந்து மாதம் முன்பு நீ லீவில் வந்தபோது சமையலறை மேஜையில் உட்கார்ந்து உன் ஆராய்ச்சியை எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாயே. புற்றுநோயில் மரபணுவின் எழுத்து எல்லா இடத்திலும் மாறிவிடுவதில்லை, பல இடங்களில் எழுத்து அப்படியே இருக்கும், மேலே ஒரு ஒட்டு விழுந்து அதைப் படிக்கவிடாமல் மூடிவிடும், கட்டியை அடக்கிவைக்க வேண்டிய மரபணுகூட அப்படி வாயடைத்துக் கிடக்கும் என்றாய். பச்சைத் தேயிலையில் இருக்கும் ஒரு சத்தை உன் கண்ணாடித் தட்டில் வளரும் செல்களில் விட்டால் சிலவற்றில் அந்த ஒட்டு கழன்றுவிடுகிறது என்றாய். அப்படியானால் அம்மாவுக்குக் கொடுக்கலாமே என்று கேட்டேன், நீ சிரித்தாய். "தட்டுல விடுற அளவு ரத்தத்துல சேரணும்னா அத்தனை டீ யாராலயும் குடிக்க முடியாதுப்பா. தட்டு வேற, மனுஷ உடம்பு வேற" என்றாய்.

முப்பத்தெட்டு வருஷம் சாயப்பட்டறையில் நின்றவன் நான். துணியில் நிறம் ஏறவில்லை என்றால் நாங்கள் துணியைக் குறை சொல்ல மாட்டோம், சாயச் சாற்றைக் காய்ச்சிக் கெட்டியாக்குவோம். நீ சொன்னதில் பின்பாதி என் காதில் ஏறவேயில்லை, முன்பாதியைப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவு டீ குடிக்க முடியாது என்றால் சுண்டக் காய்ச்சினால் ஆயிற்று, இது ஒரு பெரிய விஷயமா என்று நினைத்தேன். நீ போன மறுவாரமே ஆறு லிட்டர் பச்சைத் தேயிலைத் தண்ணீரை ஒரு டம்ளராக இறக்கினேன், நிறம் பார்த்து, விரலில் தொட்டுக் கெட்டி பார்த்து, பட்டறையில் செய்த அதே பக்குவம். பெருமையாகக்கூட இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அம்மா முதல் வாயிலேயே முகத்தைச் சுளித்து, "இதுக்கு உங்க சாயத் தொட்டியிலயே ஒரு டம்ளர் மொண்டு குடுத்திருக்கலாம்" என்றாள். குடிக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தவளிடம், இது உன் மகள் கண்டுபிடித்த மருந்து என்று ஒரு பொய்யைச் சொன்னேன். ஆராய்ச்சி முடியும்வரை போனில் அதைப் பற்றிப் பேசக் கூடாதாம் என்றும் சேர்த்துவைத்தேன். அதற்கப்புறம் மறுபேச்சே இல்லை, காலையும் மாலையும் வெறும் வயிற்றில், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கு.

ஆறாவது வாரம் அவள் கண் மஞ்சளித்தது. வேறு ஏதாவது கஷாயம், பொடி கொடுக்கிறீர்களா என்று டாக்டர் மூன்று தடவை கேட்டார், மூன்று தடவையும் இல்லை என்றேன். திட்டுவாரே என்று பயம், நிறுத்தச் சொல்லிவிடுவாரே என்று அதைவிடப் பயம். ஊசியை நிறுத்திவிட்டு அவர் ஈரல் கெட்டதற்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தார், நான் வீட்டில் அளவைக் கூட்டிக்கொண்டிருந்தேன். பத்து வாரம் அப்படியே போயிற்று. இனி ஊசி இல்லை என்று சொன்ன அன்றுதான் அடுப்பை அணைத்தேன். போன திங்கள்கிழமை அவரிடம் போய் உண்மையைச் சொன்னேன், பேனாவை மேஜையில் வைத்துவிட்டு, "முதல் நாளே சொல்லியிருக்கலாமே ஐயா" என்றார், அவ்வளவுதான். ஊசி போட்டிருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்று உன் சித்தி தேற்றுகிறாள். ஆகியிருக்கலாம். அந்தப் பத்து வாரத்தை நான் பாழாக்கினேனே, அதை எங்கே போய்க் கேட்பது?

அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது, மருந்து தீர்ந்துவிட்டது என்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறேன். நேற்றுச் சாயங்காலம் முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார வைத்தபோது என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அவ குடுத்த மருந்து எனக்குக் கேக்கலன்னு அவகிட்ட சொல்லிடாதீங்க. பாவம், மனசு ஒடிஞ்சு போயிடுவா" என்றாள். பாத்திரம் கழுவப் போகிறேன் என்று எழுந்து போய்விட்டேன்.

இதற்காக உன் வேலையை விட்டுவிடாதே. நீ சொன்னதில் தப்பில்லை, கேட்டவனிடம்தான் தப்பு. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, ஆனால் நேரில் வந்து திட்டு. லீவு கிடைத்தால் பார்க்கலாம் என்று இருக்காதே, கடிதம் கைக்கு வந்த அன்றே கிளம்பு. வழியில் பட்டினி கிடக்காதே. வந்ததும் அவள் அந்த மருந்தைப் பற்றித்தான் கேட்பாள், என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, நீதான் யோசித்துக்கொண்டு வர வேண்டும். ஆசீர்வாதம் என்று எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது, அம்மாவுடையதாக வைத்துக்கொள், நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து யாருக்குக் கடிதம் என்று கேட்டாள், உனக்கு என்றேன். "நான் நல்லா இருக்கேன்னு எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன்.

உன்
அப்பா