மிளகு என்னும் பெட்டை நாயை இன்றே மீட்கக் கோரி

அனுப்புநர்:
உரிமம் பெற்ற நாய் வளர்ப்பகத்தின் பொறுப்பாளர் (தெருவில் கேட்டால் 'நாய்க்காரம்மா'),
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்தெரு, கடைசி வீடு.

பெறுநர்:
கால்நடை நல அலுவலர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம், மாடி அறை.

பொருள்: வளர்ப்பகத்தில் கைப்பற்றிய மிளகு என்னும் நாயைத் தவறான கையில் ஒப்படைத்தது – உடனே மீட்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நேற்று மதியம் தங்கள் ஆய்வாளர் எங்கள் வளர்ப்பகத்துக்கு வந்தார். குரைப்புச் சத்தம் பற்றி பக்கத்து மாடிவீட்டுக்காரர் கொடுத்த புகாருக்காக வந்தவர், வராந்தாவில் தனியே கட்டியிருந்த மிளகைப் பார்த்தார். எலும்பும் தோலுமான உடம்பு, அதிலும் சொறி, எதிரே காலித் தட்டு. பட்டினி போட்டு வதைத்ததாக எழுதி, நாய்க் கொட்டகைக்குச் சீல் வைத்துவிட்டார். நான் சொன்ன எதையும் காதில் வாங்கவில்லை.

2. ஐயா, மற்ற நாய்களுக்குச் சொறி தொற்றாமலிருக்கத்தான் தனியே கட்டினேன். நாள்கணக்கில் பட்டினி கிடந்த நாய்க்கு ஒரேயடியாகத் தீனி போட்டால் உயிருக்கே ஆபத்து. கொஞ்சம் கொடுத்துவிட்டு, பொறுத்திருந்து மறுபடி கொஞ்சம் கொடுக்க வேண்டும். அவர் வந்தது அந்த இடைவெளியில். சந்தேகமிருந்தால் எந்தக் கால்நடை மருத்துவரையும் கேளுங்கள்.

3. மிளகு எங்களிடம் பிறந்தவள். டைல்ஸ் கடை முதலாளி குட்டியாக வாங்கிப்போனார். எங்கள் வளர்ப்பகத்தில் ஒரு வழக்கம் உண்டு: வளர்க்க முடியாவிட்டால் எந்த வயதிலும், எந்த நிலையிலும் நாயை எங்களிடமே திருப்பித் தரலாம், ஏன், எதற்கு என்று கேட்க மாட்டோம். அவரோ ஓய்வே கொடுக்காமல் ஈற்றுக்கு மேல் ஈற்று ஈன வைத்து, பால்குடி மறக்கும் முன்பே குட்டிகளை விற்றிருக்கிறார். இனி ஈனமாட்டாள் என்று தெரிந்ததும், ஊருக்கு வெளியே தள்ளிவிட்டு வரும்படி கடை வேன் ஓட்டுநரிடம் கொடுத்திருக்கிறார். இதெல்லாம் அந்த ஓட்டுநர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நேற்றுக் காலை மிளகைச் சாக்கில் சுற்றிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார். "அக்கா, எனக்கு மனசு வரல. எப்ப வேணா திருப்பி எடுத்துக்குவேன்னு முதலாளியோட குட்டி வாங்க வந்தப்பவே நீங்க சொன்னீங்களே" என்றார்.

4. ஆய்வாளர் மிளகின் கழுத்துத் தோலுக்கடியில் இருக்கும் அடையாளச் சிப்பைக் கருவி வைத்துப் பார்த்தார். உரிமையாளர் என்று முதலாளியின் பெயர் வந்தது. வராமல் என்ன செய்யும்? சிப் போடாமல் ஒரு குட்டியையும் வாசல் தாண்ட விடாதவள் நான்தானே! முதலாளியை வரவழைத்தார்கள். "காணாமப் போச்சு சார், ஊரெல்லாம் தேடிட்டேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடடா, என்ன பாசம்! ஓட்டுநர்தான் கொண்டுவந்தார் என்று ஆத்திரத்தில் கத்தினேன். அது ஆய்வாளர் காதில் ஏறவில்லை. முதலாளி காதில் நன்றாக ஏறியது. மிளகை அவரிடமே கொடுத்துவிட்டார்கள். அப்போதிருந்து அந்த முதலாளியைச் சபித்துக்கொண்டே இருக்கிறேன். மனுவில் இப்படி எழுதலாமா என்று தெரியவில்லை, எழுதிவிட்டேன்.

5. இதைத் தங்கள் அறை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். உட்கார்ந்து என்பதும் பொய். வரிக்கு ஒருதரம் எழுந்து கதவை எட்டிப் பார்க்கிறேன். "மேடம், கூட்டம் முடியட்டும். நீங்க நடக்கிறதப் பாத்து எனக்கே தலை சுத்துது" என்கிறார் எழுத்தர். வீட்டிலோ கூடம் முழுக்க நாய்கள். என் வீட்டுக்காரர் கட்டிலை ஒரு தாய்க்கும் குட்டிகளுக்கும் விட்டுக்கொடுத்துவிட்டு நாற்காலியில் குந்தியிருக்கிறார். அது கிடக்கட்டும்.

6. கொட்டகைக்கு வைத்த சீலை இன்றே அகற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. என் உரிமம் பற்றி நிதானமாக விசாரியுங்கள். எத்தனை கேள்வி கேட்டாலும் பதில் சொல்கிறேன். முதலில் ஒரு மருத்துவரோடு ஆள் அனுப்பி மிளகை மீட்டு, கால்நடை மருத்துவமனையில் சேர்க்கும்படி மன்றாடுகிறேன். என்னிடம் தராவிட்டாலும் பரவாயில்லை. ஓட்டுநர் சாட்சி சொல்லத் தயாராக இருக்கிறார். இன்று காலை அவரை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். வேனுக்குப் புது ஆள் வந்தாயிற்று. மறுபடி மிளகைத் தள்ளிவிட்டு வரச் சொன்னால், அந்தப் புது ஆளுக்கு என் வீட்டுக்கு வழி தெரியாது, ஐயா.

தங்கள் கதவு திறக்கக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
நாய்க்காரம்மா

இடம்: தங்கள் அறை வாசல்
நாள்: இன்று. நாளை என்பது தாமதம்.