ஒரு பிடி கோதுமை மா

2008 ஒக்டோபர் 15, புதன்

காலை முதல் மழை. ரிவர்ஸ்டன் பக்கம் முழுவதும் மூடுபனி. பிள்ளைக் காம்பராவின் (கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்ளும் இடம்) கூரையில் ஒழுக்கு. வாளிகள் வைத்தாயிற்று.

மதிப்பிற்குரிய நாட்குறிப்புக்கு வணக்கம். நெடுநாள் தாமதத்தைப் பொறுத்தருள்க. உடல் ஒத்துழைக்கவில்லை. எழுதத்தக்க செய்தியும் இருக்கவில்லை. இன்று இருக்கிறது. வரிசையாக எழுத வேண்டும், இல்லையேல் அழுதுவிடுவேன்.

ஆடி மாதம் கண்டி ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். நோயின் பெயர் சீலியாக். கோதுமை உள்ளே சென்றால் குடலின் உட்சுவர் தேய்ந்துபோகும். பிறகு உண்பது எதுவும் உடம்பில் ஒட்டாது. மருந்து கிடையாது. ஆயுள் உள்ளவரை கோதுமையைத் தவிர்ப்பதே வைத்தியம். ரொட்டி கூடாது, பாண் கூடாது, பணிஸ், பிஸ்கட், எதுவும் கூடாது. டொக்டர் இலகுவாகச் சொல்லிவிட்டார். இந்தத் தேயிலைத் தோட்டத்தில் கோதுமை மா ரொட்டி சுடாத அடுப்பு எது?

அதோடு இங்கு ஒரு வழக்கம். விடியற்காலையில் பிள்ளையை என்னிடம் ஒப்படைக்கும் தாய், தன் வீட்டு ரொட்டியில் பாதியையும் என் கையில் வைப்பாள். பிள்ளையைப் பார்ப்பவளுக்குத் தாயின் அடுப்பிலிருந்து ஒரு பங்கு. எனக்கு முன்பிருந்தவரும் வாங்கினார். இப்பொறுப்பை ஏற்ற நாள் முதல் நானும் வாங்கி உண்டேன். ஆடிக்குப் பிறகும் வாங்கினேன். உண்ணவில்லை. பின்பக்கம் கோழிகளுக்குப் பிய்த்துப் போட்டேன்.

ஏன் சொல்லவில்லை? சொல்லத் தொடங்கினால் கக்கூஸ் வரை சொல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்று, சாமான் சுற்றி வந்த பத்திரிகைத் தாள்களைக் கொண்டு நானே தமிழ் கற்றேன். மனு எழுத வேண்டுமானால் எல்லா லயத்து வீடுகளிலிருந்தும் என்னைத் தேடி வருவார்கள். அவர்களிடம் சென்று வயிற்றோட்டம் என்று எவ்வாறு கூறுவது?

இன்று பார்வதி, கவிதாவின் தாய், மழைக்கு மூடும் பொலித்தீனை மறந்துவிட்டுக் கொழுந்து மலையிலிருந்து திரும்பி வந்தாள். பின்வாசல் வழியாக. என் கையில் அவள் ரொட்டி. காலடியில் கோழிகள்.

"என்னக்கா இது?"

ரொட்டியை முந்தானையில் மறைக்கப் பார்த்தேன்.

"கேக்குறேன்ல? எங்க ரொட்டி கோழிக்கா?"

"பார்வதி, அதற்கு வேறு காரணம் இருக்கிறது..."

"என்ன காரணம்? எங்க கை பட்டது ஒங்களுக்கு ஆகாது, அதானே? அப்ப வாங்காம இருந்திருக்கணும். சிரிச்சு சிரிச்சு வாங்கிட்டு!"

தூங்கிக்கொண்டிருந்த கவிதாவைத் தொட்டிலிலிருந்து தூக்கிக்கொண்டு, கொட்டும் மழையில் போய்விட்டாள்.

சாதியில் எங்கள் வீடு ஒரு படி மேல் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர் என் மாமனார். பார்வதி நினைத்தது அதைத்தான். மறுக்க என்னிடம் என்ன அத்தாட்சி?

16, வியாழன்

மழை விட்டது. வெயில் இல்லை.

தொட்டில்கள் காலி. முனியம்மாக்காவின் பேரன் மட்டும் வந்தான். அக்காவுக்குக் கால் வீக்கம், வீட்டில் வைத்துப் பார்க்க வேறு ஆள் இல்லை. மற்றவர்கள் பிள்ளைகளை முதுகில் கட்டிக்கொண்டே மலைக்குப் போயிருக்கிறார்கள். அட்டைக் கடியில். என்னால்.

பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது கேட்டது (என்னைக் கண்டதும் குரல் தாழ்ந்தது, போதிய அளவு தாழவில்லை):

"கண்டிக்குப் போய் வந்ததுலருந்து பெரிய ஆளாயிட்டாங்க."

"பாரு, எப்படி மெலிஞ்சு போச்சு. டீபியா இருக்கும்டி. புள்ளைங்களுக்குத் தொத்தும்."

"தொத்துதோ இல்லியோ, கோழி நல்லா கொழுத்திருக்கு."

குடத்தை நிரப்பாமலே திரும்பினேன்.

மாலை, வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை வந்தார். திங்கட்கிழமை தோட்டத்து மனேஜர், பெரிய தொரை, நேரில் விசாரிப்பாராம். கொழுந்து குறைகிறதாம். "வேற ஆள் பாக்கச் சொல்லி பேச்சு அடிபடுது தங்கச்சி. ஏதாச்சும் சொல்லி சமாளிச்சுக்க."

இந்தக் காம்பராவைத் தவிர எனக்கு வேறு பெயர் இல்லை. பிள்ளை பிறக்கவில்லை, இனியும் ஐயம் என்று டொக்டர் கூறிவிட்டார். இதையும் எடுத்துக்கொண்டால் நான் வெறும் செல்வராசுவின் பெண்சாதி.

செ. (என் கணவர், தோட்ட லொறி ஓட்டுகிறார்) சோற்றைப் பிசைந்தபடி: "அவளுக முன்னால ஒரு துண்டத் தின்னுட்டா முடிஞ்சுது. ஒரு துண்டுல என்ன ஆகிரப்போகுது?"

தட்டைக் கழுவப் போனேன். தலைவலி. வாயில் புண்.

17, வெள்ளி

கண்டி கிளினிக். முதல் பஸ்ஸில் இரத்தோட்டை, பிறகு மாத்தளை, பிறகு கண்டி. நின்றபடியே பயணம்.

எடை மேலும் இறங்கியிருக்கிறது. டொக்டர் கோபித்தார். கோதுமை எங்கிருந்தோ உள்ளே போகிறதாம். சத்தியம் செய்தேன். என்னென்ன உண்கிறீர் என்று கேட்டார்: சோறு, மரக்கறி, கிழங்கு, கடை இடியப்பம். அந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டார். பக்கத்து வாங்கில் அமர்ந்திருந்த அம்மாள் ஒருவர் சிரித்துவிட்டார்.

அவர் பெயர் சோமாவதி. நாவுல பக்கம் வயல் வைத்திருக்கிறார். எனக்குள்ள நோயே அவருக்கும், எனக்கு முன்பிருந்தே. சிங்களத்தில் பேசினோம். அவர் கூறியதை என் நினைவுக்கு எட்டியபடி தமிழில் தருகிறேன்.

"தங்கச்சி, கடை இடியப்பத்துல அவிச்ச கோதும மா கலக்காம விப்பானா? நானும் ஒரு வருசம் அதத் தின்னுதான் சாகப் பாத்தேன்."

ஒரு வருடம்! எனக்கு மட்டும்தான் என்று எண்ணியிருந்தேன். உலகிலேயே எனக்கு மட்டும். வாங்கில் அவர் பக்கத்தில் அமர்ந்தேன். அவர் கேளாமலே தம் பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தார். குரக்கன் (கேழ்வரகு) மா. தாமே உலர்த்தி, வீட்டுத் திரிகையில் அரைத்தது. கோதுமை அரைக்கும் மில்லுக்குக் கொடுப்பதில்லையாம்.

ரொட்டி, கோழி, தொரை, எல்லாவற்றையும் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"ஊர்ல தானச் சாப்பாட்டுக்குப் போனா நான் வாசல்லயே சத்தமா சொல்லிருவேன், எனக்கு மா ஆகாது, தின்னா வயிறு கழியும்னு. மொத தடவ எல்லாரும் சிரிச்சாங்க. ரெண்டாந் தடவ எனக்குன்னு தனிச் சட்டி வச்சாங்க. நீ ஏன் சொல்லல?"

"வெட்கம்."

"வெக்கத்த வச்சிக்கிட்டுத்தான் எலும்பும் தோலுமா இருக்கியா?"

மாத்தளை வரை ஒரே பஸ். நகரத்துக்கு முன்பாகச் சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கி வரிசையில். என் அடையாள அட்டையைப் பார்த்த சிப்பாய் என் தமிழ்ப் பெயரை இரண்டு தரம் வாசித்தான். பையைத் திறந்தான். பொட்டலம். கருஞ்சிவப்புத் தூள்.

"மேக்க மொகத்த?" இது என்ன?

சிங்களம் தெரிந்தும் நா ஒட்டிக்கொண்டது. பொட்டலத்தை எட்டப் பிடித்து இன்னொருவனைக் கூப்பிட்டான். அவன் தோளில் துப்பாக்கியைச் சரிசெய்தபடி வந்தான். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் ஓரடி விலகினார்கள். தமிழர்களும் விலகினார்கள்.

சோமாவதி அக்கா விலகவில்லை. முன்னுக்கு வந்தார். "அது நான் குடுத்த குரக்கன், மகன். இவளுக்கும் எனக்கும் ஒரே வருத்தம், ஒரே நோவு. கோதும தின்னா வயித்தால போகும். நம்பலன்னா ஒரு பாண் துண்டு தா, தின்னு காட்டுறேன். அப்புறம் கக்கூஸ் எங்கன்னு நீதான் காட்டணும்."

முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு மற்றவனும். பொட்டலம் என் கைக்குத் திரும்பியது. கொஞ்சம் சிந்திவிட்டது.

மாத்தளையில் இறங்கும்போது ஒரு தாளில் தம் முகவரியை எழுதித் தந்தார். "எழுது" என்றார். பஸ் நாவுலைக்குப் போய்விட்டது. ஒரு முழு நகரத்தின் நடுவில் தனியாக நின்றேன். மனம் மட்டும் தனியாக இல்லை.

18, சனி

திங்கள் விசாரணைக்குப் பேச்சு எழுதினேன். "பெருமதிப்பிற்குரிய துரை அவர்களே, அன்புத் தாய்மார்களே, அடியேனைப் பீடித்துள்ள பிணியானது..." இரண்டு பக்கம். குறை சொல்ல முடியாத நடை.

செ.வுக்கு வாசித்துக் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு. தொரைக்குத் தமிழ் அரைகுறை. பார்வதிக்கு இந்தத் தமிழ் வெளங்காது. யாருக்கு எழுதுன?"

கோபம். குரக்கன் களி கிண்டினேன். அவரும் உண்டார். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார்.

20, திங்கள்

விசாரணை. காம்பரா வராந்தாவில். எழுத்தின் கோணலைப் பொறுத்தருள்க.

கண்டி டொக்டர் எழுதித் தந்திருந்த துண்டைத் தொரை வாசித்தார். "வருத்தம் உண்மை. தொத்தாது" என்று தம் உடைந்த தமிழில் சொன்னார். "ஆனா புள்ள வரலன்னா காம்பரா எதுக்கு? புதன் காலம பாப்பேன். வரலன்னா வேற ஆள்." அவ்வளவுதான். ஜீப்பில் ஏறிவிட்டார்.

தாய்மார் கலையப் பார்த்தார்கள். பேச்சுத் தாள் கையில். பிரித்தேன். முதல் வரியை வாசிக்க வாய் வரவில்லை. மடித்து இடுப்பில் செருகினேன்.

பிறகு நான் பேசியது அச்சுக்கு ஏற்ற தமிழ் அல்ல. இருந்தபடியே பதிகிறேன்:

"கொஞ்சம் நில்லுங்கடி. எனக்குச் சாதியும் இல்ல மண்ணாங்கட்டியும் இல்ல. ஒரு வாய் ரொட்டி தின்னா எனக்கு தண்ணியாப் போகுது. ராத்திரி பூரா கக்கூஸுக்கும் பாய்க்கும் நடக்குறேன். எலும்பு நோவுது. முடி கொத்தாக் கொட்டுது. ஒங்ககிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் கோழிக்குப் போட்டேன்."

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தேன். முகம் எரிந்தது.

முனியம்மாக்கா வீங்கிய காலை நீட்டி அமர்ந்தபடி: "அடி ஆத்தி! அதான் வாளியத் தூக்கிட்டு அந்த ஓட்டம் ஓடுனியா? நான் ஒனக்கு சாமி வந்துருச்சோன்னுல நெனச்சேன்!"

சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன், கண்ணீரோடு.

பார்வதி சிரிக்கவில்லை. "மா தின்னா வருத்தம்னா நாங்கெல்லாம் எப்பவோ செத்திருக்கணுமே?"

"எல்லாருக்கும் இல்ல பார்வதி. எனக்கு."

"மொதல்லயே சொல்லியிருந்தா நாங்க என்ன கடிச்சா தின்னுருப்போம்?"

என் பதிலுக்கு அவள் நிற்கவில்லை. கவிதாவை இடுப்பில் மாற்றிக்கொண்டு போனாள்.

21, செவ்வாய்

தூறல். சில பிள்ளைகள் வந்தன. ரொட்டி எவரும் தரவில்லை. தராததும் வலிக்கிறது, என்ன மனம் இது. பார்வதி வரவில்லை. அவள் லயத்துக்காரர் எவரும் வரவில்லை. அவள் செய்வதைத்தான் செய்வார்கள். நாளை புதன்.

22, புதன்

விடியுமுன் திறந்து, கூட்டி, தொட்டில் சேலைகளைக் கட்டினேன். தொரை அனுப்பிய கணக்கப்பிள்ளை வந்து கதவருகே நின்றார், கையைக் கட்டிக்கொண்டு.

பார்வதி வந்தாள். பின்னால் அவள் லயத்துப் பெண்கள் எல்லோரும், பிள்ளைகளோடு. அவள் கையில் வாழையிலைப் பொட்டலம், சூடு ஆறாதது.

"இந்தாங்க. அரிசி மா ரொட்டி. ஒங்களுக்குன்னே சுட்டேன். விடியக் காத்தால எந்திரிச்சு."

வெள்ளை வெளேரென்ற ரொட்டி. தேங்காய்ப்பூ மணம். இலையை உள்ளங்கையில் ஏந்தினேன். ஒரு துண்டு பிட்டு வாய்க்குக் கொண்டுபோனேன். அரிசி மா பிட்டால் உதிரும். இது இழுபட்டது.

"பார்வதி... வேற எதுவும் சேத்தியா?"

"வேற என்ன? உப்பு, தேங்கா. ஒரே ஒரு பிடி கோதும மா. இல்லாட்டி சட்டியில ஒடைஞ்சு போகுதுக்கா."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கணக்கப்பிள்ளையும். ஒரு வாய் உண்டால் காம்பரா என்னுடையது. செ. கூறியதுபோல ஒரு துண்டுதானே. அவள் கண்களில் தூக்கம் கலையாத சிவப்பு.

இலையை மடித்து அவள் கையில் வைத்தேன்.

"முடியாது பார்வதி. அந்த ஒரு பிடியும் ஆகாது."

அவள் முகம் கறுத்தது. கையிலிருந்த ரொட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். திடீரென்று பாதியைப் பிய்த்துத் தன் வாயில் திணித்தாள். மீதியைப் பக்கத்தில் நின்றவளிடம் நீட்டினாள். மென்றுகொண்டே, "ஒங்களுக்கு ஆக்கிப் போட்டு மாளாதுக்கா!" என்றாள்.

கவிதாவை இறக்கிப் பாயில் விட்டாள். திரும்பிப் பாராமல், வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போனாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக இறக்கிவிட்டுப் போனார்கள்.

கணக்கப்பிள்ளை தலையாட்டிவிட்டு நடந்தார். தொட்டில் போதவில்லை. இருவரை ஒன்றில் கிடத்தினேன்.

23, வியாழன்

மழை. பிள்ளைகள் தூக்கம். மாலை பார்வதி வந்து வாசலில் நின்றாள், உள்ளே வரவில்லை. நேற்றிரவும் முயன்றாளாம். கோதுமை சேர்க்காமல். மூன்றும் உடைந்தனவாம். "தீவாளி வருதுல்ல, ஒங்களுக்கு மட்டும் ஒண்ணும் இல்லாம இருக்குறதா?" என்று அதட்டினாள். ஒரு கேள்வியும் கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை.

சிங்களத்தில் எழுதுமுன் தமிழில் வரைவு:

அன்புள்ள சோமாவதி அக்காவுக்கு, சுகம். பிள்ளைகள் வருகின்றன. விவரம் பிறகு. பார்வதி என்றொரு பெண் கேட்கிறாள்: ஒரு பிடி கோதுமை மாவும் இல்லாமல் அரிசி மா ரொட்டி உடையாமலிருக்க நீங்கள் என்ன செய்கிறீர்கள்? கொதிநீரில் பிசைந்தும் பார்த்துவிட்டாள். தீபாவளி திங்கட்கிழமை. உடனே பதில் எழுதவும்.