மூன்றை எட்டாகப் படித்த மெஷின்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டுவிட்டு வருகிறது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். போனில் சொல்ல வேண்டிய விஷயம்தான், ஆனால் நீ "சுருக்கமா சொல்லும்மா" என்பாய், இதைச் சுருக்கமாகச் சொல்ல எனக்கு வராது. நடந்தது எனக்கே இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை, எழுதினால் தெளியுமோ என்று பார்க்கிறேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஆறு மாதமாகப் பழைய காகிதங்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். வேலையில் சேர்ந்த அன்று ஒவ்வொருவருக்கும் டைப் அடித்து வைத்த அட்டை உண்டல்லவா, அதை ஸ்கேனரில் வைத்துப் படம் எடுக்கிறார்கள். அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். இல்லையாம், அந்தப் படத்தில் இருக்கிற எழுத்தை ஒரு சாஃப்ட்வேர் தானாகவே படித்து, புதிதாக டைப் அடித்ததுபோல ஆக்கிக் கொடுக்குமாம், பிறகு அதில் தேடலாம், திருத்தலாம். ரெகார்டு செக்‌ஷன் பெண் பொறுமையாகத்தான் விளக்கினாள், "அக்கா, அது படிக்கும், ஆனா அதுக்குப் புரியாது" என்றாள். புரியாமல் எப்படிப் படிக்கும் என்று கேட்டேன், சிரித்துவிட்டாள். நான் வேலை பார்க்கிற படுக்கை விரிப்பு அறையை அது 'படுக்கை சிரிப்பு அறை' என்று படித்து வைத்திருந்தது. அப்பா இரண்டு நாள் அதையே சொல்லிச் சொல்லி என்னைக் கிண்டல் செய்தார்.

விஷயம் அதுவல்ல. இந்த மாதக் கடைசியோடு எனக்கு அறுபது முடிகிறது, ஓய்வு. மூன்றாம் மாடிக்கு எத்தனை விரிப்பு, சலவைக்குப் போனது எத்தனை, கிழிந்தது எத்தனை என்று எண்ணி ஒப்படைக்கவே ஆரம்பித்துவிட்டேன், ஆனால் உத்தரவு மட்டும் வரவில்லை. போய்க் கேட்டால் அந்தப் பெண் திரையைத் திருப்பிக் காட்டினாள், நான் பிறந்தது அறுபத்தெட்டாம் வருஷம் என்று இருக்கிறது. அறுபத்து மூன்று எங்கே போச்சு என்றேன். அந்தக் காலத்து டைப் மெஷினில் மை அப்பி மூன்றின் வாய் மூடிக்கொண்டதாம், சாஃப்ட்வேர் அதை எட்டு என்று எடுத்துக்கொண்டதாம். அந்தக் கணக்கில் எனக்குக் கல்யாணம் ஆனபோது வயது பதினேழு, உன் தாத்தா ஜெயிலுக்குப் போயிருக்க வேண்டும். எழுதிக் கொடுத்தால் திருத்திவிடலாம் என்றாள். சரி என்று வந்தேன். அன்றைக்குக் கொடுக்கவில்லை, மறுநாளும் கொடுக்கவில்லை. அப்பா, "நீயா பொய் சொன்னே? மெஷின்தானே சொல்லிச்சு, பேசாம இரு" என்றார். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, எனக்கும் உள்ளூர சந்தோஷம்தான். நீ போன பிறகு நான் நாலு பேரோடு வாய்விட்டுப் பேசுகிற இடம் அந்த அறை ஒன்றுதான். ஆனால் சும்மா இருப்பதும் பொய்தானா என்று மண்டை குடைந்துகொண்டே இருந்தது.

இந்த நேரத்தில்தான் லிஃப்ட் ஓட்டுகிற தம்பிக்கு உத்தரவு வந்தது, இந்த மாதத்தோடு வீட்டுக்குப் போ என்று. அவர் என்னைவிட ஐந்து வயது சின்னவர், பிறந்தது நிஜமாகவே அறுபத்தெட்டு. அவருடைய அட்டையில் எட்டின் இடது பக்கம் மங்கிப்போய் மெஷின் அதை மூன்று என்று படித்திருக்கிறது. பள்ளிக்கூடச் சான்றிதழ் எதுவும் அவரிடம் கிடையாது. பழைய அட்டையை எடுத்துப் பாருங்கள் என்று அதிகாரியிடம் கெஞ்சியிருக்கிறார். "எல்லாத்தையும் கட்டி அடித்தளத்துல போட்டாச்சு. தொள்ளாயிரம் பேருல ஒருத்தர்கூட தப்புன்னு வரலையே, உனக்கு மட்டும் எப்படித் தப்பாகும்?" என்று கேட்டாராம். இதை அவர் என் அறை வாசலில் நின்று சொன்னார், கையில் அந்தக் காகிதம். நான் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தேன், எண்ணிக்கை விட்டுப்போச்சு. அந்த ஒருத்தர் நான்தானே.

அப்பாவிடமும் கேட்கவில்லை, உன்னிடமும் கேட்கவில்லை, கேட்டால் கால் பின்வாங்கிவிடும் என்று தோன்றியது. நேராக அதிகாரியிடம் போய், "சார், என்னுதையும் அது தப்பா படிச்சிருக்கு" என்றேன். என் வயதைக் கேட்டார், அறுபது என்றேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அப்ப இந்த மாசம் நீங்க போகணுமேம்மா" என்றார். ஆமாம் சார் என்றேன். கட்டைப் பிரிக்கச் சொன்னார், லென்ஸ் வைத்து இரண்டு அட்டையையும் பார்த்தார்கள். மூன்று மூன்றாகவும் எட்டு எட்டாகவும் ஆனது. அப்பா ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை, மறுநாள் காலையில் காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். இப்போது ஒவ்வொரு அட்டையையும் ஆள் உட்கார்ந்து சரிபார்க்கிறார்களாம்.

நேற்று லிஃப்டில் ஏறினேன். தம்பிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "யாரோ போய்ச் சொன்னாங்களாம் அக்கா, அதான் தேடி எடுத்திருக்காங்க" என்றார். பிறகு, "உங்களுக்கு எப்ப முடியுது?" என்று கேட்டார். வெள்ளிக்கிழமை என்றேன். "அடடா, நீங்களும் அஞ்சு வருஷம் இருந்திருக்கலாம்" என்றார். சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது, மூன்றாம் மாடி என்று மட்டும் சொன்னேன்.

நான் செய்தது சரியா என்று நீ எழுத வேண்டாம், சரி என்றுதான் எழுதுவாய். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நான் என்ன செய்வது, அதை மட்டும் யோசித்து எழுது. அங்கே உன் காகிதங்களை ஸ்கேன் செய்து கொடுத்திருந்தால் பிறந்த தேதியை உன் கண்ணாலேயே ஒரு தடவை பார்த்துக்கொள், மறந்துவிடாதே. வேளைக்குச் சாப்பிடு. நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட காலம் நல்லபடியாக இருக்க வேண்டும்.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா