ஓர் அங்குலம் குறைந்த பிரமிடு

மார்ச் 4

அன்புள்ள வாலுக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அந்த ஊர் ரோட்டையெல்லாம் அளந்து முடித்துவிட்டு எங்களையும் ஒருநாள் நினைத்துக்கொள்.

ஏ.சி. வேலையில் மிஞ்சிய செம்புக் குழாயை வைத்துக் கூடத்தில் பிரமிடுக் கூண்டு கட்டியிருக்கிறேன். பக்கம் அறுபது அங்குலம், உயரம் முப்பத்தெட்டேகால். அப்படியே எகிப்துக் கணக்கு. நாலு பக்கத்தையும் கூட்டி உயரத்தின் இரண்டு மடங்கால் வகுத்துப் பார், 'பை' வரும்! இம்மி பிசகினாலும் சக்தி இறங்காதாம், புத்தகத்தில் போட்டிருக்கிறது. தினமும் காலையில் அம்மாவை ஒரு மணி நேரம் உள்ளே உட்காரவைக்கிறேன். கண் அழுத்தத்துக்கு விடும் சொட்டு மருந்து எரிகிறது என்றாள், நிறுத்திவிட்டோம். "இப்ப பளிச்சுன்னு தெரியுதுடா" என்கிறாள். கூண்டை அளக்கும்போது எடுத்த படம் இதோடு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்

மார்ச் 15

அண்ணா,

நலம் விசாரிக்கப் பொறுமை இல்லை. சொட்டு மருந்தை இன்றே தொடங்கு. அழுத்தத்தில் போன பார்வை திரும்பாது.

படத்தில் டேப்பை ஒன்றாம் அங்குலக் கோட்டில் பிடித்திருக்கிறாய். முனை தேய்ந்த டேப் என்று அப்பா அப்படித்தான் பிடிப்பார். ஆனால் கடைசியில் ஒன்றைக் கழிப்பார். நீ கழிக்கவில்லை. உன் கூண்டு ஐம்பத்தொன்பதும் முப்பத்தேழேகாலும்தான். வகுத்தால் மூன்று புள்ளி ஒன்று ஏழு. அது பை இல்லை அண்ணா, பொய்.

அந்த எகிப்துக் கொத்தர்களின் முழத்துக்கு ஏழு உள்ளங்கை. ஒரு முழம் ஏற, ஐந்தரை உள்ளங்கை உள்ளே தள்ளிக் கட்டினார்கள். அந்தச் சரிவில் பை தானாக வந்து விழும். அதில் மந்திரம் எங்கே இருக்கிறது?

வாலு

மார்ச் 27

வாலு,

அளந்தேன். ஓர் அங்குலம் குறைவுதான். ஆனால் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சக்தி இறங்குமாம். அதே புத்தகத்தில், வேறு பக்கத்தில். அம்மாவே தெரியுது என்கிறாள். கூட இருப்பவன் நான். நீ கடல் தாண்டி உட்கார்ந்து கணக்குச் சொல்கிறாய்.

அண்ணன்

ஏப்ரல் 6

அண்ணா,

கூண்டு எக்கேடு கெட்டும் போகட்டும். அம்மாவை அள. இடக்கண்ணைப் பொத்தி, சுவர்க் காலண்டரில் தேதியைப் படிக்கச் சொல். பிறகு வலக்கண்ணைப் பொத்து. அவள் சொன்னதை ஓர் எழுத்து மாற்றாமல் எழுது. எழுதாவிட்டால் நமக்குள் கடிதம் இதோடு சரி.

வாலு

ஏப்ரல் 19

அன்புள்ள வாலுக்கு,

இடக்கண்ணைப் பொத்தினேன். "காலண்டர் எங்கடா?" என்றாள்.

அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வலக்கண் போய்விட்டது. இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் இடதும் போயிருக்கும் என்றார் டாக்டர். இப்போது வேளை தவறாமல் மருந்து விடுவது நான்தான்.

"தெரியலன்னு ஏம்மா சொல்லல?"

"சொன்னா எழுந்து வேலைக்கு ஓடிடுவ. தினம் ஒரு மணி நேரம் பக்கத்துல உக்காந்திருந்தியே."

கூண்டைக் கழற்றிவிட்டேன். காலையில் உட்காருவதை விடவில்லை.

உன்னிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. வா. வந்தால் அம்மாவுக்கு இடப்பக்கமாக உட்கார். அங்கேதான் நீ தெரிவாய்.

அண்ணன்